மோரிஸ் மைனர் எஸ்யூ கார்பரேட்டர்: ஸ்பிண்டில் தேய்ந்தால்

1098 சிசி மோரிஸ் மைனர் காரில் வருவது எஸ்யூ எச்எஸ்2 கார்பரேட்டர். ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு குழாய்) நோண்டிப் பயனில்லை. திராட்டில் ஸ்பிண்டிலை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டைத் தாங்கும் தண்டை, விரலால் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்தச் சந்து வழியாகக் காற்று இழுக்கிறது, எந்த ட்யூனிங்கும் நிற்காது.

புது ஸ்பிண்டில் மட்டும் போட்டால் தீராது. பாடியின் துளையும் கோணியிருக்கும். துளைக்குள் போடும் ரெடிமேட் புஷ் (உள்வளையம்) கிடைக்காததால் லேத்தில் பாஸ்பர் வெண்கலத்தில் கடைந்து வாங்கினேன். இரண்டு பக்கத் துளைக்கும் ஒரே பிடிப்பில் ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) ஓட்டச் சொல்லுங்கள். இம்மி விலகினாலும் பட்டர்ஃபிளை சிக்கும்.

பட்டர்ஃபிளை ஸ்க்ரூவின் பிளந்த முனையை முதலில் நெருக்கிவிட்டுக் கழற்றவும். அப்படியே திருகினால் ஸ்பிண்டிலின் மரை போச்சு. மாட்டும்போது புது ஸ்க்ரூதான், முனையை விரித்தே ஆக வேண்டும். கழன்றால் நேரே இன்ஜினுக்குள் போகும்.

ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியின் தோள், கார்பரேட்டர் பிஸ்டனின் அடி முகத்தோடு சமமாக இருக்கட்டும். ஜெட்டை முழுக்க மேலேற்றி, நடுவில் நிறுத்தி இறுக்கியதும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டிக்’ என்று விழ வேண்டும். பிறகு ஆறு முக ஜெட் நட்டை 12 முகம், அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்கி ட்யூனிங்கைத் தொடங்கலாம். பிஸ்டனில் எமரி தாள் மட்டும் வேண்டாம்.