ஆன்லைன் ஏலத்தில் விலையைப் பொய்யாக ஏற்றுகிறார்களா? கண்டறிந்து சமாளிக்கும் முறை

ஏலத்தில் உங்களோடு மோதுபவர் பொருளை வாங்க வந்தவரா, விலையை ஏற்றிவிட விற்பவரே நிறுத்திய ஆளா என்று திரையைப் பார்த்ததும் சொல்லிவிட முடியாது. ஆனால் யார் எப்போது எவ்வளவு கேட்டார் என்று காட்டும் கேட்புப் பட்டியலை நிதானமாக வாசித்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இந்த மோசடிக்கு ஷில் பிடிங் என்று பெயர். ஈபே என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்தின் விதிப்படி விற்பவர் மட்டுமல்ல, அவருடைய குடும்பத்தார், உடன் தங்கியிருப்பவர், ஊழியர் யாரும் அவர் பொருளின் விலையை ஏற்ற ஏலம் கேட்கக் கூடாது. 2000-இல், ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் வரைந்ததாக இருக்கலாம் என்று வாங்குவோரை நம்பவைத்த ஓர் ஓவியம் ஈபேயில் 1,35,805 டாலர் வரை போனது. விற்றவரே வேறு கணக்கிலிருந்து கேட்டிருந்தது தெரிந்ததும் ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. பிறகு அது குற்றவழக்காகவும் ஆனது.

இங்கே ஈபேயை வைத்தே விளக்குகிறோம். மற்ற தளங்களில் பட்டன்களின் பெயரும் கால வரம்பும் மாறும். வாசிக்கும் முறை மாறாது.

படி 1: விலை எப்படி ஏறுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் 80 டாலர் என்று போட்டால் உடனே விலை 80 ஆகிவிடாது. அது உங்கள் உச்சத்தொகை. தளம் அதை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்பதற்கு ஒரு படி மேலே மட்டும் உங்களுக்காகக் கேட்கும். அமெரிக்க ஈபேயில் விலை 5 முதல் 24.99 டாலர் வரை இருக்கும்போது ஒரு படி 50 சென்ட். 25 முதல் 99.99 வரை 1 டாலர். 100 முதல் 249.99 வரை 2.50 டாலர். அதாவது வேறொருவர் 30 கேட்டால் விலை 31 என்று காட்டும், முன்னிலையில் நீங்களே இருப்பீர்கள்.

மோசடிக்காரர் தேடுவது உங்கள் மறைந்திருக்கும் அந்த 80-ஐத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

படி 2: கேட்புப் பட்டியலைத் திறங்கள்

விலைக்கு அருகில் கேட்புகளின் எண்ணிக்கை இருக்கும், அதை அழுத்துங்கள். கேட்டவரின் முழுப் பெயர் தெரியாது. இரண்டு எழுத்துகள், நடுவே நட்சத்திரக் குறிகள், அருகில் அவருடைய மதிப்பீட்டு எண் (அவரோடு வாங்கி விற்றவர்கள் தந்த மதிப்பெண்) மட்டும் தெரியும். அந்தப் பெயரை அழுத்தினால் கடந்த 30 நாள் நடவடிக்கை வரும்: எத்தனை கேட்புகள், எத்தனை பொருள்களுக்கு, அதில் இதே விற்பவரிடம் எத்தனை சதவீதம், எத்தனை முறை கேட்பைத் திரும்பப் பெற்றார்.

இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மதிப்பீடு 0 என்றால் புதிதாகச் சேர்ந்தவராக இருக்கலாம். ஒரே விற்பவரிடம் 100 சதவீதம் என்றால், அபூர்வத் தபால்தலை மாதிரி குறுகிய துறையில் விற்பவரைத் தொடரும் சேகரிப்பாளராக இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும் புதியவர்கள் இயல்பாகச் செய்வதுதான். படி 1-இல் சொன்ன, தளமே உங்களுக்காகக் கேட்கும் முறை அவர்களுக்கு இன்னும் புரிந்திருக்காது.

கவலைப்பட வேண்டியது இவை சேர்ந்து வரும்போது. குறைந்த மதிப்பீடு, அதே விற்பவரின் பல பொருள்களுக்குக் கேட்பு, எதையும் ஜெயிக்காமை, ஏலத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு கடைசி நேரத்தில் காணாமல் போவது. உண்மையில் வாங்க நினைப்பவர் முடிவு நெருங்க நெருங்கத்தான் தீவிரமாவார். விலையேற்ற வந்தவர், தன்னை மீறிக் கேட்க மற்றவர்களுக்கு அவகாசம் விட்டாக வேண்டும். அதனால் முன்னதாகவே விலகிவிடுவார். முடிந்த ஏலங்களையும் பாருங்கள். அதே பொருள், அதே படங்களோடு, சில நாளில் மறுபடி ஏலத்துக்கு வந்திருந்தால் விலையேற்ற வந்தவர் தவறி ஜெயித்துவிட்டார் என்று சந்தேகிக்க இடமுண்டு. வாங்கியவர் பணம் கட்டாமல் போயிருக்கவும் கூடும்.

படி 3: உச்சத்தொகையை முகர்ந்து பார்க்கும் தந்திரம்

ஆரம்பநிலையில் இருப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான். உங்கள் உச்சத்தொகை 80. இப்போதைய விலை 31 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 500 கேட்கிறார். உங்கள் 80-ஐத் தாண்டிவிட்டதால் விலை 81 ஆகிறது. உங்கள் எல்லை 80 என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. 'தொகையைத் தவறாக அடித்துவிட்டேன்' என்று கேட்பைத் திரும்பப் பெறுகிறார். விலை மீண்டும் 31 ஆகிறது. சற்று நேரத்தில் இன்னொரு கணக்கு 79 கேட்கிறது. இப்போது நீங்கள் கட்ட வேண்டியது 80. நடந்தது எதுவும் உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஆனால் திரும்பப் பெற்ற கேட்புகள் பட்டியலின் கீழே பதிவாகியிருக்கும்.

திரும்பப் பெறுவதற்கு ஈபேயில் வரம்பு உண்டு. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பொருளுக்கு அவர் கேட்ட எல்லாக் கேட்புகளும் நீங்கும். அதற்குக் குறைவாக இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே, அதுவும் கடைசிக் கேட்பு மட்டுமே நீங்கும். 9.95-க்குப் பதிலாக 99.50 என்று அடித்துவிட்டுத் திருத்துபவர் உடனே சரியான தொகையைப் போடுவார். போடாதவரைக் கவனியுங்கள்.

படி 4: கடைசி நொடிகளில் கேளுங்கள்

பொருளுக்கு அதிகபட்சம் என்ன தருவீர்கள் என்பதை, முடிந்த ஏலங்களின் விலையைப் பார்த்து, அஞ்சல் செலவையும் சேர்த்து முன்னதாகவே எழுதி வையுங்கள். பிறகு ஏலம் முடிய 5 முதல் 10 நொடிகள் இருக்கும்போது அந்தத் தொகையை ஒரே தடவையில் போடுங்கள். உங்கள் எல்லையைத் துழாவ யாருக்கும் நேரம் இருக்காது. இணைய இணைப்பு மெதுவாக இருந்தால் 20 நொடி முன்பே போட்டுவிடுவது நல்லது. கடைசி நேரத்தில் கேட்பு வந்தால் ஏலத்தைச் சில நிமிடங்கள் நீட்டிக்கும் தளங்களும் உண்டு. அங்கே இந்த முறை பலிக்காது. எழுதி வைத்த எல்லை ஒன்றே காப்பாற்றும்.

படி 5: சந்தேகம் வலுத்தால்

மேற்கொண்டு கேட்காதீர்கள். பட்டியல், 30 நாள் நடவடிக்கை, திரும்பப் பெற்ற கேட்புகள், பொருளின் எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்பவருக்குக் குற்றம்சாட்டிச் செய்தி அனுப்ப வேண்டாம்; உண்மையான மோசடிக்காரர் எச்சரிக்கையாகிவிடுவார், நிரபராதி வீணாகப் புண்படுவார். தளத்தின் புகார்ப் பக்கத்தில் பொருளின் எண்ணோடு எழுதுங்கள். எந்தக் கணக்கு எந்தக் கணினியிலிருந்து நுழைகிறது என்பதைப் பார்க்கும் வசதி தளத்துக்கே உண்டு, உங்களுக்கு இல்லை. என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று பொதுவாகத் தெரிவிக்க மாட்டார்கள். பதில் இல்லை என்பதற்காகப் புகார் வீண் என்று விட்டுவிடாதீர்கள்.

தோற்ற பிறகு 'உங்கள் உச்சத்தொகைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விற்பவரிடமிருந்து இரண்டாம் வாய்ப்பு வந்தால், சந்தேகக் கேட்புகளை நீக்கிக் கணக்குப் போடுங்கள். உங்களுடையது 80, சந்தேகக் கணக்கு 81-க்கு ஜெயித்தது, அதற்கடுத்த நியாயமான கேட்பு 45 என்றால், நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 46. ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. அழைப்பு மின்னஞ்சலில் மட்டும் வந்து, தளத்தின் செய்திப் பெட்டியில் இல்லையென்றால் அது போலி. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பவே கூடாது.

நீங்கள் விற்பவராக இருந்தால்

இதே தந்திரம் தலைகீழாகவும் நடக்கும். ஒரு கணக்கு 20 கேட்கும். கூட்டாளிகள் இருவரில் ஒருவர் 400, மற்றவர் 900 கேட்பார்கள். விலை 405 என்று காட்ட, மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். முடிவு நெருங்கும்போது இருவரும் திரும்பப் பெற்றால் பொருள் அடிமாட்டு விலைக்குப் போகும். ஈபேயின் 12 மணி நேர வரம்பு இதைக் கடினமாக்கியிருக்கிறது. வரம்பில்லாத தளங்களில் எச்சரிக்கை தேவை. சந்தை விலையைவிடப் பல மடங்கு கேட்ட புதிய கணக்குக்கு ஏலம் நடக்கும்போதே செய்தி அனுப்புங்கள். ஒரு நாளில் பதில் வராவிட்டால் அந்தக் கேட்பை ரத்து செய்து, கணக்கைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஜெயித்தவர் ஈபேயில் 4 நாளில் பணம் கட்டாவிட்டால், பணம் வராததையே காரணமாகத் தேர்ந்தெடுத்து ஆர்டரை ரத்து செய்யுங்கள். வாங்கியவர் கேட்டதால் என்று தேர்ந்தெடுத்தால், பணம் கட்டாதவர் என்ற குறி அந்தக் கணக்கில் விழாது.