ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வீட்டைத் திருடனுக்குக் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

பொங்கல், தீபாவளி, மே மாத லீவு எதுவானாலும் சரி, முடிந்த மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தைப் பிரித்தால் அந்தச் செய்தி இருக்கும். குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள், திரும்பி வந்து பார்த்தால் பூட்டு உடைந்திருந்தது, பீரோவில் இருந்த நகையைக் காணோம். ஊர்ப் பெயரும் பவுன் கணக்கும் மட்டும்தான் மாறும். படித்தவுடன் நமக்குத் தோன்றுவது, இன்னும் பெரிய பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்பது. வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பூட்டில் கை வைப்பதற்கு முன்பே திருடன் உங்கள் வீட்டைப் பார்த்து வைத்துவிட்டான். ஆள் இல்லை என்பதை அவனுக்குச் சொன்னது யார் என்றால், பெரும்பாலும் நாமேதான்.

முதலில் வாசல். தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிற தெருவில், ஒரு வீட்டு வாசலில் மட்டும் நான்கு நாளாகச் சருகு கிடந்தால் அதற்கு மேல் யாரும் எதையும் விசாரிக்க வேண்டியதில்லை. மார்கழி மாதத்தில் கேட்கவே வேண்டாம், தெரு முழுக்கக் கலர் கோலம், நம் வாசல் மட்டும் மொட்டையாக. கேட்டில் செருகிய பிட் நோட்டீஸ் அப்படியே இருக்கும், வராந்தாவில் பேப்பர் விழுந்து கிடக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமோ எதிர்வீட்டு அக்காவிடமோ சொல்லி வாசலைப் பெருக்கி இரண்டு இழை கோலம் போடச் சொல்வது ஆயிரக்கணக்கில் விற்கும் கருவிகளைவிட உருப்படியான வேலை. பால், பேப்பர் இரண்டையும் நிறுத்தச் சொல்லுங்கள், ஆனால் எங்கே போகிறோம், எத்தனை நாள், யார் யார் என்று முழுக்கதையும் சொல்ல வேண்டாம். "நான் சொல்கிற வரைக்கும் போட வேண்டாம்" என்றால் போதும்.

வெளி லைட்டைப் போட்டுவிட்டுப் போவது இன்னொன்று. இரவில் வெளிச்சம் இருந்தால் ஆள் இருப்பதாக நினைப்பான் என்பது நம் கணக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலிலும் அந்த பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். இருட்டினால் தானே எரிந்து விடிந்தால் அணைகிற சென்சார் பல்ப் இப்போது எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கிறது, அதை ஒன்று மாட்டிவிடுங்கள்.

சரி, இப்போது பூட்டுக்கு வருவோம். பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்மிடமே இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது, அந்த ஊர் மாங்காய்ப் பூட்டு இன்றைக்கும் பழைய வீடுகளில் தொங்குகிறது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது தொங்குவது ஒரு கொண்டியில், அந்தக் கொண்டியைப் பிடித்திருப்பது நான்கு ஸ்க்ரூ. எழுந்து போய் உங்கள் வீட்டுக் கதவைப் பாருங்கள். பூட்டிய நிலையிலும் ஸ்க்ரூவின் தலை வெளியே தெரிகிறதா? ஒன்று இரண்டு ஸ்க்ரூ ஆடுகிறதா, அல்லது இடமே காலியாக இருக்கிறதா? வாடகை வீடு என்றால், முன்பு வேறு கொண்டி இருந்த பழைய ஓட்டையிலேயே புதியதைத் திணித்திருப்பார்கள், மரம் அங்கே இற்றுப்போயிருக்கும். "பூட்டை உடைத்து" என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அதில் பல இடங்களில் பூட்டு உடைவதே இல்லை, கொண்டி நாதாங்கியோடு பெயர்ந்து வரும், பூட்டு பூட்டியபடியே அதில் தொங்கும். ஸ்க்ரூவுக்குப் பதிலாகக் கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போட்டு நட்டை உள்பக்கம் முடுக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. கதவு மட்டும் தேக்காக இருந்து நிலை மட்டமான மரமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

அதைவிட நல்லது, கதவுக்குள்ளேயே பதிந்திருக்கிற பூட்டு. வெளியே தொங்கும் பூட்டு என்பது "நாங்கள் இல்லை" என்று எழுதித் தொங்கவிட்ட பலகை மாதிரி. கதவுக்குள் இருக்கும் பூட்டில் உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெருவிலிருந்து சொல்ல முடியாது. கிரில் கேட்டுக்கும் அதேதான், பூட்டை உள்பக்கம் பார்த்து மாட்டினால் வீட்டில் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி தெரியும்.

இத்தனையும் முன்வாசல் பற்றி. நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம், வீடு கட்டும்போது முன்கதவுக்கு மட்டும் தேக்கு, வேலைப்பாடு, பித்தளைக் கைப்பிடி என்று லட்சத்தில் செலவழித்துவிட்டு, பின்கட்டுக் கதவுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் தகரமோ பிளாஸ்டிக் கதவோ போட்டு ஒரு சின்னத் தாழ்ப்பாளோடு விட்டுவிடுவார்கள். மாடிக் கதவு வழியாக இறங்கினால் நேரே ஹால். பக்கத்து வீட்டு மாடி ஒட்டியிருந்தால் தாண்டுவதற்கு ஏணிகூட வேண்டாம். ஏணி வேண்டும் என்றாலும் நாமே வைத்திருப்போம், தொட்டி கழுவ வாங்கியது சுவரோரம் சாய்ந்திருக்கும். கடப்பாரை, மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாம் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில். அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து வர வேண்டிய அவசியமே இல்லாமல் செய்து வைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு முன் இதையெல்லாம் உள்ளே தூக்கிப் போட்டுப் பூட்டுங்கள். பாத்ரூம் வென்டிலேட்டரில் கண்ணாடிப் பட்டையை வரிசையாகச் செருகியிருந்தால் அதை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிடலாம், அங்கே ஒரு கம்பி கிரில் கட்டாயம்.

மாடி என்றதும் இன்னொன்று. கோடையில் கரண்ட் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பமே மாடிக்குப் போய்ப் படுத்துவிடுகிறது. கீழே கதவு வெறுமனே சாத்தியிருக்கும். மேலே அசந்து தூங்க, கீழே பீரோ காலியாகும். இதுவும் வருஷம் தவறாமல் சித்திரை, வைகாசியில் வரும் செய்திதான். ஜன்னலோரக் கட்டிலில் படுத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, தலைமாட்டில் செல்போனைச் சார்ஜில் போடுகிறவர்களும் கொஞ்சம் யோசியுங்கள்.

சாவி விஷயத்தில் நமக்கு இருக்கும் கற்பனை வளம் ரொம்பக் குறைவு. செருப்பு ஸ்டாண்ட், பூந்தொட்டிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குள், நிலைக்கு மேலே, இவற்றைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை, இந்த நான்கு இடத்தையும் அவனும் முதல் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்காக வைக்கிறோம் என்பார்கள். அதற்குப் பக்கத்து வீடு இருக்கிறது. பீரோ சாவி இன்னும் மோசம், பீரோவுக்கு மேலேயே இருக்கும், இல்லாவிட்டால் புடவை மடிப்புக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ. புது வீட்டுக்குக் குடிபோனால் பழைய பூட்டையே வைத்துக்கொள்வதும் தவறு. அந்தச் சாவி முன்பு குடியிருந்தவர், புரோக்கர், பெயின்டர் என்று எத்தனை கைக்குப் போய் வந்ததோ, மரத்தடிச் சாவிக் கடையில் நகல் போட பத்து நிமிஷம் போதும். முதல் நாளே பூட்டை மாற்றிவிடுங்கள்.

நகையை வீட்டில் வைத்துவிட்டு ஊருக்குப் போகக் கூடாது, பேங்க் லாக்கரில் வையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் லாக்கர் என்பது இன்சூரன்ஸ் இல்லை. ரிசர்வ் வங்கியின் விதி 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி இவற்றால் லாக்கரில் இருந்தது போனால் வங்கியின் பொறுப்பு, அந்த லாக்கரின் ஒரு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைக்கும்தான். வருஷத்துக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் 2 லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் வீட்டு பீரோவைவிட லாக்கர் நூறு மடங்கு மேல்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் மாதிரியான சேதத்துக்கானது. திருட்டு அதில் வருவது அப்படி ஒரு சேதம் நடந்து, அதன் காரணமாக 7 நாளுக்குள் பொருள் களவு போனால்தான். சும்மா பூட்டிக் கிடந்த வீட்டில் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அது இதில் சேராது, திருட்டுக்கென்று தனியாகக் கவர் எடுக்க வேண்டும், நகைக்கும் தனியாக மதிப்புச் சொல்லிச் சேர்க்க வேண்டும். பாலிசிப் பேப்பரைப் பீரோவில் பத்திரப்படுத்தினால் போதாது, படித்தும் பார்க்கணும்.

அப்புறம் கேமரா. சி.சி.டி.வி. மாட்டினவுடன் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியோ ஹாலில் டி.வி.க்குக் கீழே கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், போகிறவன் அதையும் ஒயரோடு பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள், முடிந்தால் பதிவு இணையத்திலும் சேர்கிற மாதிரி அமையுங்கள். மூன்றாவது மாடி உயரத்தில் மாட்டினால் தெரிவது தொப்பி மட்டும்தான், வாசலுக்கு நேரே முகம் விழுகிற உயரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். பாஸ்வேர்டு, கேமரா மாட்டிய பையன் போட்டுக் கொடுத்ததே இன்னும் இருக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டு ஹாலை உங்களோடு சேர்ந்து வேறு யார் பார்க்கிறார்கள் என்று தெரியாது. கேமரா தடுப்பதைவிட, நடந்த பிறகு காட்டுவதுதான் அதிகம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். ஊட்டியில் எடுத்த போட்டோவை ஊட்டியிலிருந்தே போட்டால்தான் திருப்தி. வந்து போடுங்கள், ஊட்டி எங்கேயும் போகாது. ஸ்டேட்டஸையாவது தெரிந்தவர்கள்தான் பார்க்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் வீட்டு விலாசமும், குடும்பமே மண்டபத்தில் இருக்கப்போகிற நாளும் நேரமும் அச்சாகியிருக்கும், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அதைத் தெருமுனையிலேயே ஒட்டி வைக்கும். கல்யாண வீடும் துக்க வீடும் பூட்டிக் கிடக்கும் வேளையில் களவு போவது அதனால்தான். நெருங்கிய சொந்தமில்லாத ஒருவரை, பணம் கொடுத்தாவது, அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆள் இருந்தாலும், அது வயதான அம்மா அப்பா மட்டும் என்றால் வேறு கவலை. பகல் பதினொரு மணிக்கு வந்து, நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்று முதலில் வெள்ளிக் கொலுசைப் பளபளவென்று ஆக்கிக் காட்டி, அடுத்து தங்கச் சங்கிலியை வாங்கி ஆசிட் கலவையில் முக்கித் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு போகிற கும்பல் இன்னும் ஓயவில்லை. ஈ.பி.யிலிருந்து வருகிறோம், கேஸ் டியூப் பார்க்க வந்தோம் என்று வருபவரைக் கிரில்லுக்கு வெளியிலேயே நிறுத்தி அடையாள அட்டை கேட்பது மரியாதைக் குறைவு இல்லை என்று அவர்களுக்குப் பழக்க வேண்டும். தோட்டத்து வீடுகளின் நிலைமை இன்னும் கொடுமை. 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தனியாக இருந்த முதிய தம்பதியை நகைக்காகக் கொன்றது கொங்குப் பகுதியையே உலுக்கியது. தனி வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நகை போட்டிருக்காமல் இருப்பதும், காலையும் இரவும் பிள்ளைகள் தவறாமல் போன் செய்து பேசுவதும் கேமராவைவிட முக்கியம்.

திருடனுக்குப் பயந்து எல்லாப் பக்கமும் இரும்பு அடிக்கிறவர்களுக்கு ஒன்று. ராத்திரி கிரில்லை உள்ளே பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ வைத்துவிட்டால், தீப்பிடிக்கும்போது புகையில் அதைத் தேட நேரம் இருக்காது. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று வீட்டில் குழந்தை உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆணி வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள், சாமி விளக்கை மலையேற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கேஸ் வாடை வந்தால், இரவு என்றாலும் கை தானாக ஸ்விட்சுக்குப் போகக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவி நிற்கும், ஸ்விட்ச் தட்டும்போது வருகிற சின்னப் பொறியே போதும். எதையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

பல நாள் வெளியூர் போவதானால் உள்ளூர் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம், ரோந்து போகும்போது பார்த்துக்கொள்வார்கள். போலீஸ் என்றாலே ஒதுங்குகிற பழக்கத்தால் இதை நாம் பயன்படுத்துவதில்லை.

இவ்வளவுக்கும் மேல் களவு போய்விட்டால், உள்ளே ஓடிப் போய் என்னென்ன போயிற்று என்று பீரோவைக் கிளறாதீர்கள். அக்கம்பக்கத்தினர் ஆறுதல் சொல்ல உள்ளே வந்து, யாரோ ஒருவர் சிதறிய துணியை மடித்து வைத்து, கைரேகையெல்லாம் போய்விடும். வெளியே நின்று 100 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது பெரிய தவறு, அது மனு வந்ததற்கான ரசீது மட்டும்தான். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பது எப்.ஐ.ஆர்., அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதில் நகையை "தங்கச் சங்கிலி ஒன்று" என்று எழுதினால், மீட்கும்போது அது உங்களுடையது என்று காட்டுவது பெரும்பாடு. அதனால் இப்போதே ஒவ்வொரு நகையையும் போட்டோ எடுத்து, எடையைக் குறித்து, பில்லோடு சேர்த்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் அதில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் எண் பொறித்திருக்கும், ஒவ்வொரு நகைக்கும் அது வேறு வேறு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.