வறட்சி தாங்கும் தட்டைப்பயறு ரகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கையில் ஏழெட்டு தட்டைப்பயறு ரகங்கள் இருக்கின்றன, எது வறட்சியைத் தாங்கும் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் வயலில் விதைத்துப் பார்க்க வேண்டியதில்லை. முதலில் பெட்டியில் வளர்த்துப் பார்த்தே பாதி ரகங்களைக் கழித்துவிடலாம்.

1. பெட்டிச் சோதனை

அரை அடிக்கும் குறைவான ஆழமுள்ள மரப்பெட்டியில் ஒரே மாதிரி மண்ணை நிரப்புங்கள். ரகத்துக்கு ஒரு வரிசை. சீக்கிரம் வாடும் என்று ஏற்கெனவே தெரிந்த ரகம் ஒன்றையும் சேர்த்து விதையுங்கள், ஒப்பிட அதுதான் அளவுகோல். மண் ஆழமில்லாததால் எந்த ரகமும் வேரை ஆழமாக இறக்கித் தப்பிக்க முடியாது. செடிக்குள் இருக்கும் தாங்கும் திறன் மட்டும் தெரியும்.

முதலில் எதிரெதிராக இரண்டு தனி இலைகள் வரும். அடுத்து வருவது மூவிலை. அது விரிந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடுங்கள்.

2. வாடலைக் கவனிப்பது

தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் பார்ப்பது நல்லது, உச்சிவெயிலில் எல்லாச் செடியும் தலை தொங்கித்தான் நிற்கும். சில ரகங்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அப்படியே தாக்குப்பிடிக்கும். சில ரகங்களில் கீழே உள்ள தனி இலைகள் மஞ்சளாகி உதிரும், நுனியில் மூவிலை மட்டும் பச்சையாக இருக்கும். இலை உதிர்கிறதே என்று இவற்றை ஒதுக்கிவிடாதீர்கள். கீழிலையை விட்டுக்கொடுத்துக் குருத்தைக் காப்பாற்றும் ரகங்கள் இவை.

அளவுகோல் ரகம் முழுக்கக் காய்ந்ததும் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். சில நாளில் எத்தனை செடி மறுபடி துளிர்க்கிறது என்று வரிசைவாரியாக எண்ணுங்கள்.

3. வயல் சோதனை

தேறியவற்றை மழையில்லாத பருவத்தில் இரண்டு பாத்திகளில் விதையுங்கள். பூக்கும் நேரத்தில் ஒன்றுக்குக் காய்ச்சல் (தண்ணீரை நிறுத்திக் காயவிடுவது), மற்றதுக்குப் பாய்ச்சல். நடுவில் நல்ல இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கசிந்து கணக்கே கெட்டுவிடும். பூத்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கும் முன்பே காய்பிடித்துவிட்ட ரகம் வறட்சியிலிருந்து தப்பியது, தாங்கியது அல்ல. அதுவும் பயன்படும், ஆனால் தனிக் கணக்கு.

4. மகசூல் கணக்கு

அ ரகம் பாய்ச்சலில் 500 கிராம், காய்ச்சலில் 300 தருகிறது என்று வையுங்கள். இழப்பு 40 சதவீதம். ஆ ரகம் 250, 200. இழப்பு 20 சதவீதம்தான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஆ ஜெயிக்கும், ஆனால் காய்ச்சலிலும் கூடுதல் பயறு கொடுத்தது அ. அதனால் இரண்டு மகசூலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: அ சுமார் 387, ஆ சுமார் 224. என் ஓட்டு அ-வுக்கு. அப்புறம் அடுத்த பருவத்திலும் இதே வரிசை வருகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.