துணிச்சலான கண்டுபிடிப்பாளர் சொல்வதை நம்பலாமா? சோதித்து அறியும் வழி

தம் விடுதி அறையில் புறாக்களைப் பராமரித்தவரும், மூன்றால் வகுபடும் எண்கள் மீது தீராத பிடிப்புக் கொண்டவருமான நிகோலா டெஸ்லா வடிவமைத்த மாறுதிசை மின்மோட்டாரின் வழிவந்தவை இன்றும் உலகெங்கும் ஆலைகளை ஓட்டுகின்றன. அதே டெஸ்லா 1934-இல், 250 மைல் தொலைவிலேயே 10,000 போர் விமானங்களை வீழ்த்தக்கூடிய துகள் கற்றை ஒன்றைத் தாம் கண்டறிந்துவிட்டதாக அறிவித்தார். அதைக் கடைசிவரை எவருக்கும் இயக்கிக் காட்டவில்லை. ஆகவே உங்களிடம் வரும் கண்டுபிடிப்பாளரின் தோற்றம், பேச்சு, படிப்பு, வறுமை ஆகிய எதையும் அவருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ கணக்கில் சேர்க்காதீர்கள். ‘கிறுக்கர்’ என்று ஒதுக்குவதும், ‘மேதைகள் இப்படித்தான் இருப்பார்கள்’ என்று உருகுவதும் ஒரே சோம்பலிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில், அவர் சொல்வதை எண்களோடு ஒரே வாக்கியமாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எவ்வளவு ஆற்றல் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, எவ்வளவு நேரம் ஓடும். பல கூற்றுகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும். தண்ணீரால் ஓடும் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் என்பதே ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பின் எஞ்சும் பொருள், அதாவது ஒருவகைச் சாம்பல். ஒரு கிலோ தண்ணீரைப் பிரிக்க ஏறத்தாழ 16 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பிரிந்த வாயுக்களை எரித்தால் அதற்கு மேல் ஒரு துளியும் திரும்பக் கிடைக்காது, நடைமுறையில் வெகுவாகக் குறைந்தே கிடைக்கும். வெளியிலிருந்து ஆற்றல் பெறாமலே ஓயாது ஓடுவதாகச் சொல்லப்படும் நிரந்தர இயக்க எந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775-இலேயே முடிவெடுத்ததில் ஆணவம் ஏதுமில்லை. நேரத்தை மிச்சப்படுத்தியது, அவ்வளவுதான்.

அடுத்து, செய்துகாட்டலின் கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இதுவே முக்கியம். சார்ல்ஸ் ரெட்ஹெஃபர் என்பவர் 1812-இல் ஃபிலடெல்ஃபியாவில், தானே ஓடும் எந்திரம் என்று ஒன்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டினார். சோதிக்க வந்தவர்களை அவர் நெருங்க விடவில்லை. ஆனால் எந்திரத்தின் பல்சக்கரங்களில் பற்கள் தவறான பக்கம் தேய்ந்திருந்தன. எந்திரம் எதை ஓட்டுவதாகச் சொல்லப்பட்டதோ, உண்மையில் அதுதான் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு நியூயார்க்கில் அதே காட்சி நடந்தபோது, நீராவிக் கப்பலால் புகழ்பெற்ற ராபர்ட் ஃபுல்டன், சுழற்சி சீராக இல்லாததைக் கவனித்து, சட்டத்திலிருந்த மரத்துண்டுகளைப் பிடுங்கினார். உள்ளே ஓடிய நரம்புக் கயிற்றைப் பின்தொடர்ந்து மாடியறைக்குப் போனால், அங்கே தாடிக்காரக் கிழவர் ஒருவர் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எனவே இடம், கருவி, மூலப்பொருள் ஆகியவற்றை நீங்களே தேர்ந்தெடுங்கள். எதையாவது கலந்து காட்டுபவராயின், கலக்கும் கரண்டிகூட உங்களுடையதாக இருக்கட்டும்.

ஏமாற்றுக்காரர்களைவிடத் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்பவர்களே அதிகம் என்பதையும், அவர்களின் நேர்மை முகத்தில் தெரிவதால் அவர்களே நம்மை எளிதில் கவிழ்த்துவிடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பிரான்சின் மதிப்புமிக்க இயற்பியலாளரான ப்ளான்லோ 1903-இல் ‘N கதிர்கள்’ என்ற புதிய கதிரைக் கண்டதாக அறிவித்தார். மறு ஆண்டு அவரது ஆய்வகத்துக்குச் சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் உட், இருட்டில் கருவியிலிருந்த, அக்கதிர்களைப் பிரிப்பதாகச் சொல்லப்பட்ட பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். அதன்பிறகும் கதிர்கள் முன்போலவே ‘தெரிந்தன’. நீங்களும் இதைச் செய்யலாம்: மருந்து சேர்த்த குப்பியையும் சேர்க்காத குப்பியையும் அடையாளமின்றி வைத்து, எது எதுவென்று கண்டுபிடிப்பாளர் உட்பட அறையிலுள்ள எவருக்கும் தெரியாமல் முடிவைக் குறியுங்கள். மின் எந்திரமாயின் சாதாரண மல்டிமீட்டரை நம்பாதீர்கள். மின்னோட்டம் துள்ளித் துள்ளிப் பாயும்போது அது தவறாகக் காட்டக்கூடும். உள்ளே போவதைவிட அதிகம் வெளியே வருகிறது என்பவரிடம், வெளியீட்டையே உள்ளீட்டில் இணைத்து பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்வது எந்த மீட்டரையும்விடத் தெளிவான சோதனை.

காப்புரிமைச் சான்றிதழ், பிரமுகர்களுடன் எடுத்த படம், பெருநிறுவனங்கள் தடுக்கின்றன என்ற புகார் ஆகியவை எதையும் நிரூபிப்பதில்லை.

ரகசியம் காப்பதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். ரைட் சகோதரர்களும் 1905 இறுதியிலிருந்து 1908 வரை பறக்காமல், எந்திரத்தை மறைத்தே வைத்திருந்தனர். ஐரோப்பிய நாளிதழ்கள் சில அவர்களைப் பொய்யரோ என்று ஐயுற்று எழுதின. ஆனால் அவர்கள் கேட்டது முன்பணமல்ல: முதலில் ஒப்பந்தம், பறந்துகாட்டிய பின்பே பணம். 1908 ஆகஸ்டில் லெ மான் அருகே இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகப் பறந்ததே ஐயங்களைத் தீர்க்கப் போதுமானதாயிற்று.

உங்கள் கண்டுபிடிப்பாளரிடமும் இதே ஏற்பாட்டை முன்வையுங்கள். சோதனை நாள், அளவிடும் முறை, எந்த எண்ணுக்குக் கீழே போனால் தோல்வி என்பவற்றை முன்கூட்டியே எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். காற்றில் ஈரப்பதம் என்று ஒருமுறை தள்ளிப்போட்டால் வேறொரு நாள் குறித்துக் கொடுக்கலாம். எந்திரங்கள் மக்கர் செய்வது இயல்பே. மூன்றாவது தேதியும் தவறி, இடையில் உதிரிபாகத்துக்குச் சிறு தொகை என்ற பேச்சும் எழுந்தால், அந்தத் தாளைக் காட்டி விடைபெறுங்கள்.