மூக்கு அறுவைத் தழும்பு: பொறுமையும் ஜெல்லும்

அழகுக்காகச் செய்யும் மூக்கு அறுவையில், இரு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தோலில் சிறிய வெட்டு விழுவதுண்டு. முதல் சில மாதங்கள் அந்தக் கோடு சிவந்தோ கறுத்தோ தெரியும். கண்ணாடியைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தழும்பு முதிர ஓராண்டு, சிலருக்கு 18 மாதங்கள்கூட ஆகும்.

தையல் பிரித்து, புண் முழுவதும் மூடியபின், மருத்துவரைக் கேட்டு சிலிக்கோன் ஜெல் தொடங்குங்கள். விரல் நுனியில் துளி எடுத்து, காலையும் இரவும் மெல்லிய படலமாகத் தடவி உலர விடுங்கள். பகலில் அதன்மேல் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்கப் போகிறவர்கள் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துவிடும். எலுமிச்சைச் சாறு மட்டும் கூடவே கூடாது, யார் சொன்னாலும்.

மூக்குத்தி குத்திய இடத்திலோ காதிலோ முன்பு கட்டிபோல் தழும்பு வளர்ந்திருந்தால், அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நம்மைப் போன்ற கருந்தோலில் கீலாய்டு எனும் இந்தக் கட்டித் தழும்பு வரும் வாய்ப்பு அதிகம். தழும்பு அரித்து, தடித்து, வெட்டின் எல்லையைத் தாண்டினால் உடனே காட்டுங்கள். ஸ்டீராய்டு ஊசியில் பலருக்கு அமுங்கும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவே இருக்கிறது.