கிரேக்கத் தவேர்னாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏதென்ஸுக்கு வரும் நண்பர்களைத் தவேர்னா எனப்படும் எளிய உணவகங்களுக்கு அழைத்துச் செல்லும்போதெல்லாம், முதல் ஆண்டில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் காண்கிறேன். இரவு ஏழு மணிக்கே போய் உட்கார்வது போன்ற சிறு பிசகுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

எடை தெரியாமல் மீன் கேட்பது

மலிவான உணவகத்தில் கையைக் கடிக்கும் தவறு இதுதான். நெத்திலி, மத்தி போன்ற சிறு மீன்களுக்குத் தட்டுக்கு இவ்வளவு என்று விலை போட்டிருப்பார்கள். பெரிய மீன்களுக்கோ கிலோ விலைதான் எழுதியிருக்கும். ஏஜினா தீவில், மேசைமேல் விரித்த காகிதம் பறக்காதபடி கவ்வி மாட்டியிருந்த ஒரு சாதாரணத் தவேர்னாவில், பனிக்கட்டியில் அடுக்கியிருந்த ஃபாக்ரி மீன் ஒன்றைக் காட்டி, அரைக் கிலோ இருக்கும் என்று நானாகவே எண்ணிக்கொண்டு, சுடச் சொல்லிவிட்டேன். பில்லில் 1.2 கிலோ, 66 யூரோ என்று இருந்தது; மற்ற பண்டங்கள் அனைத்தும் சேர்ந்தே 24 யூரோதான். கிலோ 55 யூரோ என்று பட்டியலில் எழுதியிருந்ததால் நான் வழக்காட வழியில்லை. ஆயினும் எடையைச் சொல்லாமலே மீனை அடுப்பேற்றியதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

குடலும் செதிலும் நீக்குவதற்கு முன்புள்ள எடைக்கே பொதுவாக விலை போடுவார்கள் என்பதால், தட்டுக்கு வரும் மீனைப் பார்த்துக் கணக்கிட முடியாது. ஆகவே "போசோ ஸியீஸி?", அதாவது எடை எவ்வளவு என்று கேட்டு, தராசு காட்டும் எண்ணை நேரில் பார்த்து, மொத்தம் எத்தனை யூரோ என்று அறிந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறியோ "கத்" என்ற சுருக்கமோ இருந்தால் அது உறைய வைத்த மீன்.

ஆளுக்கொரு தட்டு சொல்வது

தட்டுகள் நடுவில் வைக்கப்படும், எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். இருவருக்கு மூன்று தட்டு போதும்.

விரத உணவைச் சைவம் என்று நம்புவது

"நிஸ்தீசிமோ" என்றால் தேவாலய விரதத்துக்கு ஏற்றது என்று பொருள். அதில் இறைச்சியும் பாலும் முட்டையும் இராது. ஆனால் கணவாயும் இறாலும் இருக்கலாம். திராட்சை இலையில் சோறு பொதிந்த தொல்மாதேஸில் கொத்துக்கறி சேர்ப்பதுண்டு; கறி சேர்க்காததற்கு யாலாந்ஜி என்று பெயர். ஆலிவ் எண்ணெயில் காய்கறிகளை வேகவைக்கும் லதேரா வகைகளைக் கேட்பதே சைவர்களுக்கு நல்லது.

தெசலோனிக்கியில் கலமாக்கி கேட்பது

ஏதென்ஸில் அது குச்சியில் சுட்ட இறைச்சி, அங்கே உறிஞ்சுகுழல்.

பில் வரட்டும் என்று காத்திருப்பது

கேட்டால்தான் வரும். அதனோடு பழத்தட்டோ இனிப்போ வந்தால் அது உணவகத்தார் அன்பாகத் தருவது, விலை கிடையாது; தொடக்கத்தில் கேளாமலே வந்த ரொட்டிக்குத்தான் பெரும்பாலும் காசு உண்டு, வேண்டாமென்றால் வைக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள்.