லெதர் பூட்ஸை மழைக்குத் தயார் செய்வது எப்படி?

ஜூன் தொடங்கி வால்பாறை, கூடலூர் பக்கம் நடக்கப் போனால் பூட்ஸ் நனையாமல் திரும்ப முடியாது. மெழுகு டப்பா ஒன்று வாங்கித் தேய்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெழுகு கடைசி வேலைதான். கழுவுவதும் காயவைப்பதும்தான் முக்கால்வாசி.

படி 1: கழுவுங்கள்

லேஸையும் இன்சோலையும் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பிரஷும் கொண்டு சேற்றைத் தேய்த்து எடுங்கள். சோப்புத்தூள் வேண்டாம். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓர மடிப்புகளில் மணல் தங்கியிருக்கும், விட்டால் நடக்க நடக்க லெதரை அராவும்.

படி 2: பொறுமையாகக் காயவையுங்கள்

உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, அது ஈரமானதும் மாற்றுங்கள். மின்விசிறிக் காற்றே போதும். அவசரப்பட்டு அடுப்போரமோ ஹேர் டிரையர் முன்போ வைத்தால் லெதர் விறைத்து வெடிக்கும், சோலின் பசையும் விட்டுப்போகும். பூஞ்சணம் பூத்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் துடைத்து மறுபடி உலர்த்துங்கள்.

படி 3: மெழுகு பூசுங்கள்

தேன்மெழுகு கலந்த பூட்ஸ் வாக்ஸைக் கொஞ்சமாக விரலில் எடுத்து, முதலில் தையல்களில் தேயுங்கள். ஊசித் துளை வழியாகத்தான் தண்ணீர் சுலபமாக நுழையும். அப்புறம் மற்ற இடங்கள். கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு ஓடினால் சரி, ஊறிக் கருத்தால் இன்னொரு பூச்சு.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். லெதர் தொளதொளத்துக் கணுக்காலுக்குப் பிடிப்பு இருக்காது. மேற்பரப்பைத் தேய்த்துப் பஞ்சுபோல் ஆக்கிய நுபக், சூயட் லெதர் வகைகள் மெழுகு பட்டால் கருத்து வழவழத்துவிடும், அவற்றுக்குத் தண்ணீர் ஒட்டாமல் தடுக்கும் ஸ்ப்ரே.

தண்ணீரை உள்ளே விடாமல் வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் கோர்டெக்ஸ் சவ்வு வைத்த பூட்ஸுக்கும் இந்தப் பராமரிப்பு தேவை. மேல் லெதர் ஊறிவிட்டால் வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. ஓட்டை விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காலை நனைப்பது சொந்த வியர்வைதான்!

படி 4: காலுக்குப் பழக்குங்கள்

புது பூட்ஸ் வாங்குவதானால், கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது போடும் அதே சாக்ஸோடு போய் வாங்குங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பருத்தி சாக்ஸ் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் தரும், கம்பளி கலந்ததே நல்லது. மலைக்கு முன் சில வாரம் கடைத்தெருவுக்குப் போட்டுப் போங்கள். இறக்கத்தில் மேல் கொக்கிகளை இறுக்கிக் கட்டினால் நகம் முன்னால் இடிக்காது.

பல வருடம் பரணில் கிடந்த பூட்ஸ் என்றால் கிளம்புமுன் நடுச்சோலை, அதாவது அடிச்சோலுக்கு மேலே இருக்கும் மெத்தை அடுக்கை, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆனதாக இருந்தால் ஈரக்காற்றில் மெல்ல மெல்ல உதிர்ந்துபோகும். அதற்கு மெழுகு உதவாது, சோல் மாற்ற வேண்டியதுதான்.